பொத்தோவின் கழுத்து

காசிமாலி வாத்தியார் எழுதிய பன்னிரண்டு டைனோசர் கதைகளில் பதினொன்றைத் தலைநகர வானொலிக்காரர்கள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஒலிபரப்பினார்கள். பன்னிரண்டாவதில்தான் கோளாறு வந்தது. அந்தக் கதையில் டைனோசர் செத்துப்போனது.

டைனோசர் என்றாலே செத்துப்போன பிராணிதானே, அதில் என்ன கோளாறு என்று உங்களுக்குத் தோன்றும். காசிமாலிக்கும் அப்படித்தான் தோன்றியது. மனிதர் மலையடிவாரத்து ஊரில் பௌதிகம் நடத்துகிறவர். வானொலி நிலையத்துக்குள் பௌதிக விதி எதுவும் செல்லாது என்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு 'மேய்ப்பர் அரைமணி' என்று ஒரு நிகழ்ச்சி. மேலே பனிமலைப் பள்ளத்தாக்குகளில் ஆடு மேய்க்கிறவர்கள் பேட்டரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதற்குத்தான் காசிமாலி எழுதிக்கொண்டிருந்தார். கதை எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஒரு ஆராய்ச்சிக்காரர் பால் கடையும் பழைய இயந்திரத்தைத் தட்டிக்கொட்டிக் கால இயந்திரமாக்கி வைத்திருப்பார். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினால் அதே பள்ளத்தாக்கு பதினைந்து கோடி வருஷம் பின்னால் போய்விடும். பனி இருக்காது. சேறும் பச்சையுமாக இருக்கும். அங்கே ஒரு நீளக்கழுத்து டைனோசர் அம்மாவும் அதன் குட்டி பொத்தோவும்.

பொத்தோ என்றால் ஒட்டகக் குட்டி. அந்த ஊர்த் தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சும்போது அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த பொத்தோ சும்மா இராது. இயந்திரத்துக்குள் புகுந்து ஒரு கதையில் நிலாவுக்குப் போகும், ஒரு கதையில் கடலடிக்கு, ஒரு கதையில் இரண்டாயிரமாவது வருஷத்துக்கு. எங்கே சுற்றினாலும் கடைசியில் வீடு வந்து சேரும். குகை வாசலில் கழுத்தை நீட்டி, "அம்மா, பசிக்குது! மலையக் குடுத்தாலும் தின்னுடுவேன்!" என்று கத்தும். அத்தோடு கதை முடியும்.

இந்தக் கத்தலைக் காசிமாலி கற்பனை செய்யவில்லை. அவருடைய அக்கா புருல்சாவின் மகன் உலான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று கத்துவது அது. ஒல்லிப் பையன், கழுத்து மட்டும் ஒரு முழம். ஊரில் எல்லாருக்கும் பொத்தோ யாரென்று தெரியும். மேலே மந்தையோடு இருக்கிற புருல்சா ஒவ்வொரு கதைக்குப் பிறகும் பண்ணையின் வயர்லெஸ் போனில் செய்தி அனுப்புவாள். "தம்பிகிட்ட சொல்லுங்க, இந்த வாரம் பொத்தோ இளைச்சுட்டான். அடுத்த வாரம் நல்லாத் தின்ன விடட்டும்."

பதினெட்டு முடிந்ததும் உலானைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். மறு வருஷம் இலையுதிர்காலத்தில் தெற்கே, மலைக்கு அந்தப் பக்கத்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் ஈயம் வைத்து அடைத்த துத்தநாகப் பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியோடு ஒரு மேஜர் வந்தார், மேஜரோடு நாலு உத்தரவு வந்தது. பெட்டியைத் திறக்கக்கூடாது. கூட்டம் கூடக்கூடாது. எங்கே செத்தான் என்று கேட்கக்கூடாது. கல்லறைக் கல்லில் அதை எழுதவும் கூடாது. ஊர்க்காரர்கள் நாலையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் பையனைப் புதைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் துக்க வீட்டு வாசலில் கம்பு நட்டுத் துணி கட்டுவது வழக்கம். கிழவர் போனால் வெள்ளை, நடுவயசு போனால் கறுப்பு, வாலிபன் போனால் சிவப்பு. காசிமாலி தன் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டினார். ஊர் மன்றத் தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வாத்தியாரே, என்ன இது? மேஜர் இன்னும் ஊரத் தாண்டல."

"செவப்புத் துணிங்க."

"அது தெரியுது. அவுத்துடுய்யா."

"செவப்பையா அவுக்கச் சொல்றீங்க? எழுத்துல குடுங்க, அவுத்துடறேன்."

தலைவர் துணியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். சிவப்புக் கொடியை இறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த தலைவர் அந்த நாட்டில் எங்கேயும் கிடையாது. "நவம்பர் புரட்சி விழாவுக்குக் கட்டினது, இன்னும் எடுக்கலன்னு எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இவ்வளவும் நடந்தது. பெற்றவளுக்குத்தான் தெரியாது.

புருல்சாவும் அவள் புருஷனும் பண்ணை ஆடுகளோடு கணவாய்க்கு அப்பால் இருந்தார்கள். கணவாய் பனியில் மூடினால் மே மாதம்தான் திறக்கும். காசிமாலி தலைவரிடம் ஹெலிகாப்டர் கேட்டார். "ஹெலிகாப்டர் வைக்கோலுக்கு வரும் வாத்தியாரே. துக்கத்துக்கு வராது. அதுக்குப் படிவமே இல்ல" என்றார் தலைவர். காசிமாலி, மேய்ப்பர்களோடு வயர்லெஸ் போனில் காலைதோறும் பேசுகிற சூராவிடம் போய் நின்றார்.

சூரா காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டாள். "ஓநாய் வந்துச்சா, வைக்கோல் இருக்கான்னு கேக்கற வாய் இது. இதாலயா சொல்லச் சொல்றீங்க, உங்க பிள்ள போயிட்டான்னு? நாக்கு அழுகிடும் எனக்கு. நீங்களே வந்து இந்தக் குழாய்ல சொல்லுங்க, பாப்போம்."

காசிமாலியால் முடியாது. யாராலும் முடியாது. அந்த ஜனங்களிடையே சாவுச் செய்தியை நேராகச் சொல்கிற பழக்கமே இல்லை. பெற்றவளின் முன்னால் உட்கார்ந்து வேறு ஏதோ கதை தொடங்க வேண்டும். பருந்து ஒன்று பறந்தது, கூட்டுக்குத் திரும்பவில்லை என்று சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். கேட்கிறவள் தானாகவே புரிந்துகொண்டு, தன் வாயாலேயே முதல் அழுகையைத் தொடங்க வேண்டும். அதுவும் நாற்பதாம் நாளுக்குள். பெற்றவள் அழாமல் நாற்பது கழிந்தால் போன பிள்ளை வழி தெரியாமல் நின்றுகொண்டே இருப்பான் என்பார்கள்.

பையனைப் புதைத்த ஆறாம் நாள் காசிமாலிக்கு மேய்ப்பர் அரைமணி ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நாள் கதை முடிந்தது. பொத்தோவைத் தெற்கு மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிறார்கள், அது போகிறது, திரும்பவில்லை. அம்மா ஆற்றங்கரையில் கழுத்தை உயர்த்தி மலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பிள்ளைக்கு எடுத்து வைத்த தழை வாடுகிறது. 'அம்மா, பசிக்குது' என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அம்மா கழுத்தை மெல்ல இறக்கித் தரையில் வைக்கிறது. இவ்வளவுதான் கதை. தபாலை நம்பாமல் பஸ் பிடித்துத் தலைநகருக்கு அவரே எடுத்துப் போனார்.

நிகழ்ச்சி ஆசிரியர் மெதெர்பெக் நல்ல பையன். காசிமாலியை "பைக்கே, பைக்கே" என்று சொந்த அண்ணனைப்போலக் கூப்பிடுவான். கதையைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினான். "நல்லா இருக்கு பைக்கே. அதான் பயமா இருக்கு. இத குழுவுக்கு அனுப்பணும்."

"மத்தது எதையும் அனுப்பலயே?"

"மத்ததுல யாரும் சாகலயே."

பதினெட்டாம் நாள் குழு கூடியது. பச்சைத் துணி போர்த்திய நீள மேஜை. தலைமையில் தோழர் உமுத்கான், தலையைச் சுற்றிப் பின்னலைக் கட்டின பெரிய அம்மாள். அவருக்கு வலப்பக்கம் விஞ்ஞானக் கழகத்து நிபுணர், இடப்பக்கம் கால்நடைத் துறைக்காரர். வெந்நீர்க் குழாய் ஓரமாக ஒருவர் தனியே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அவர் பேசவும் இல்லை. எப்போதாவது இருமினார்.

"தோழர் காசிமாலி" என்று ஆரம்பித்தார் உமுத்கான். "உங்க கதைய மூணு தரம் படிச்சேன். மூணு தரமும் அழுதேன். அப்பறந்தான் எனக்கே சுருக்குனு பட்டுச்சு. இந்தக் காலாண்டுத் திட்டத்துல அழுகைக்கு இடமே ஒதுக்கலையே! அடுத்த காலாண்டுல வேணா இருபது நிமிஷம் இருக்கு. அதையும் போர் நினைவு நாளுக்கு எடுத்துட்டாங்க."

"டைனோசர் எல்லாமே செத்துப்போனதுதானுங்களே" என்றார் காசிமாலி.

நிபுணர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்பிடிச் சொல்லிட முடியாது. டைனோசர் எப்பிடி அழிஞ்சுதுங்கறத எங்க கழகம் எண்பத்தி நாலுலதான் விவாதத்துக்கு எடுக்குது. அதுக்கு முன்னால வானொலி முந்திக்கிட்டு அழிஞ்சுதுன்னு அறிவிச்சா எப்பிடி?"

"அப்ப இன்னும் உயிரோட இருக்குதுங்களா?"

"அதையும் சொல்ல முடியாது. இப்போதைக்கு விடுப்புல இருக்குன்னு வச்சுக்குங்க."

கால்நடைத் துறைக்காரர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "என் கவலை வேற. இது குட்டி போடற பருவம். நூறு ஆட்டுக்கு நூத்திப் பத்து குட்டின்னு மேய்ப்பர்கள் உறுதிமொழி எடுத்திருக்காங்க. இந்த நேரத்துல ரேடியோல ஒரு இளம் பிராணி செத்துதுன்னா? ஆமா, எந்த நோயில செத்துது? வைத்தியர் சான்று வச்சிருக்கீங்களா? தோல் எங்க? தோல ஒப்படைச்சாத்தான் நாங்க சாவ ஒத்துக்குவோம்."

"உடம்பக் கண்ணால பாக்கவே விடலீங்க" என்றார் காசிமாலி. வாய் தவறி வந்துவிட்டது.

வெந்நீர்க் குழாய் ஓரத்தில் ஒரு இருமல் கேட்டது. உமுத்கான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். "அதில்லாம, பொத்தோ ஏன் தெற்கே போகணும்?"

இன்னொரு இருமல், முன்னதைவிடச் சத்தமாக.

"வடக்க போகட்டுமே" என்றான் மெதெர்பெக். வடக்கே ஏவுதளம் இருக்கிறது. இருமல். கிழக்கே அண்டை நாட்டு எல்லை. இருமல். மேற்கு என்று யாரும் வாய் திறக்கவே இல்லை. கடைசியில் பொத்தோ எந்தத் திசையும் இல்லாமல் போய்வரும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. பௌதிக வாத்தியார் அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இருபத்தைந்தாம் நாள் குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை பொத்தோவுக்கு ஒரு படிவம் தயாராக இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வர்க்கம், வெளிநாட்டில் உறவினர் உண்டா. ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் தெரியாதவனை அந்த ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் ஏழு கட்டம் தனியாகப் போட்டிருந்தது. காசிமாலி ஏழு பேர் எழுதினார். உலானின் பாட்டன்மார் ஏழு பேரையும், ஒருவர் விடாமல். யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது பாட்டன் கொஞ்சம் பணக்காரராகத் தெரிகிறார் என்று மட்டும் சொன்னார்கள்.

"அம்மா டைனோசர் உசரம் எவ்வளவு?" என்று கேட்டார் உமுத்கான்.

"கழுத்த நீட்டினா இருபது மீட்டருங்க."

"நம்ம சதுக்கத்துச் சிலை எவ்வளவு?"

யாரோ ஃபோன் செய்து கேட்டார்கள். சிலை, பீடத்தோடு சேர்த்து, பதினேழு மீட்டர்.

மேஜையைச் சுற்றி எல்லார் முகமும் வெளுத்தது. "தோழர்களே" என்றார் உமுத்கான், குரலைத் தாழ்த்தி. "நான் யாரையும் குத்தம் சொல்லல. பதினோரு கதையா இந்தப் பிராணி அந்தச் சிலையவிட மூணு மீட்டர் உசரமா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நாம கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம். இதுக்கு மேல நான் சொல்லல."

அம்மாவையும் பிள்ளையையும் எருது அளவுக்குக் குறைத்தார்கள். பிறகு கழுத்து. அவ்வளவு நீளக் கழுத்து எதற்கு, அது யாரை எட்டிப் பார்க்கிறது என்ற கேள்வி வந்ததும் நிபுணர் கழுத்தை வெட்டிவிடுவதில் விஞ்ஞானத்துக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அப்புறம் ஏதோ ஞாபகத்தில் பழைய கதை ஒன்றைப் புரட்டிய கால்நடைத் துறைக்காரர் அலறினார். "என்ன இது? 'அம்மா, பசிக்குது'ன்னு சொல்லுதே!"

"ஒவ்வொரு கதையிலயும் சொல்லுமுங்க. புள்ளைங்க வழக்கமாச் சொல்றது" என்றார் காசிமாலி.

"நம்ம மேய்ச்சல் நிலத்துல? நம்ம வானொலில? பசியா? பதினோரு தரமா?"

இந்தத் தடவை இருமல்கூட வரவில்லை. ஓரத்தில் இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதுதான் எல்லாரையும் நடுங்கவைத்தது. அன்று மாலைக்குள் பழைய பதினோரு கதைகளின் ஒலிநாடாவும் அழிக்கப்பட்டது. புதிய கதையில் பொத்தோவுக்குப் பசி கிடையாது என்று குறிப்பேட்டில் ஏறியது.

முப்பத்தொன்றாம் நாள் காசிமாலி வானொலி நிலையத்துச் சாப்பாட்டு அறையில் மெதெர்பெக்கின் எதிரே உட்கார்ந்தார். தேநீர் ஆறிப்போனது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். இது கதை இல்ல. எங்க அக்கா, எஜே புருல்சா இருக்காளே, மேல அக்ஸாய் பள்ளத்தாக்குல..."

மெதெர்பெக் கோப்பையைக் கீழே வைத்தான். காசிமாலி மேலே எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவனும் மலைக்காரன்தான். சுற்றிவளைத்து வருகிற செய்தியை அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாதவன் இல்லை. சுற்றும்முற்றும் பார்த்தான்.

"பைக்கே, இத நீங்க எங்கிட்ட சொல்லல. நான் கேக்கல." பிறகு, "எத்தனாவது நாள்?" என்றான்.

"முப்பத்தொண்ணு."

"நாப்பதுக்குள்ள ஒலிபரப்பிடறேன். எம் புள்ள மேல சத்தியம். அவங்க எப்பிடி மாத்தினாலும் சரி, நாப்பதுக்குள்ள போயிரும்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அதுதான் பெரிய கொடுமை. அவன் காப்பாற்றாமலே இருந்திருக்கலாம் என்று காசிமாலி பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்தார்.

முப்பத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாடக நடிகர் ஒருவர் கணீரென்று படித்தார். எருது அளவுள்ள, கழுத்து குட்டையான பொத்தோ, எந்தத் திசைக்கும் போகாமல், போய்விட்டு வந்தது. மார்பில் பதக்கம். குகை வாசலில் நிமிர்ந்து நின்று, "அம்மா! கூட்டு முயற்சியால் கடமையை நிறைவேற்றித் திரும்பினேன். இந்த வருடம் நூறு ஆடுகளுக்கு நூற்றுப் பத்துக் குட்டிகள் என்னும் இலக்கை எட்டுவோம்!" என்றது. அம்மா டைனோசர் கைதட்டியது. டைனோசருக்குக் கை எந்த அளவு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அக்கார்டியன் வாசித்தார்கள்.

ஆசிரியர்கள் கைதட்டவில்லை. கணக்கு வாத்தியார் எழுந்து ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். காசிமாலி ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது. அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சூரா ஆள் அனுப்பினாள். போனால், அவள் காதுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"வாத்தியாரே, மேலேர்ந்து உங்க எஜே பேசினாங்க. கதை கேட்டாங்களாம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கெடாய் ஒண்ண அறுத்தாச்சு, குறிச்சுக்கன்னாங்க. பக்கத்துக் கொட்டில்காரங்க எல்லாம் சாப்பாட்டுக்கு வந்திருக்காங்களாம். பின்னால ஒரே ஜனச் சத்தம்."

பிள்ளை பதக்கத்தோடு வருகிறான் என்று பெற்றவள் கிடா வெட்டி விருந்து வைக்கிறாள். அவர் அனுப்பிய செய்திக்கு வந்த பதில் இது. செத்த பிள்ளையை அவரே உயிரோடு எழுப்பி, பதக்கம் மாட்டி, அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து மே வரைக்கும் அவர் எப்படி இருந்தார் என்று கேட்காதீர்கள். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்றால் மணி அடிக்கும்வரை அப்படியே நிற்பார். பிள்ளைகள் அவரை எழுப்பாமல் சத்தம் போடாமல் வெளியே போவார்கள். கண்ணை மூடினால் ஒரே காட்சி. அவள் அவனுக்குப் புதுப் போர்வைக் கம்பளம் தைத்துக்கொண்டிருக்கிறாள், பெண் பார்க்கச் சொல்லி யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கிடையே கிடா அறுத்த செய்தி எப்படியோ தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குழு மகிழ்ந்தது. காலாண்டின் சிறந்த நம்பிக்கைக் கதை என்று பொத்தோவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. காசிமாலி அதைப் பிரிக்கவில்லை. கூடவே உமுத்கானின் கடிதம். 'ஒரு கதையைக் கேட்டு ஆனந்தத்தில் கிடா வெட்டிய தாய்! நம் இலக்கியத்தின் வெற்றிக்கு இதைவிடச் சாட்சி ஏது? கணவாய் திறந்ததும் தோழர் மெதெர்பெக் ஒலிப்பதிவுக் கருவியோடு வருவார். அந்தத் தாயின் சிரிப்பு நமக்கு வேண்டும்.'

மே மாதம் பதினாறாம் தேதி கணவாய் திறந்தது. இருவரும் குதிரையில் ஏறினார்கள். மெதெர்பெக் கருவியை ஒரு பிள்ளையைப்போல மார்போடு கட்டிக்கொண்டிருந்தான். பாதி வழி போனார்கள். பிறகு, "நீங்க சொல்லிடுவீங்களா பைக்கே?" என்றான்.

"அதுக்குத்தான போறேன்."

"நான் அப்ப வெளிய நின்னுக்கறேன்."

"நில்லு."

கணவாயைத் தாண்டி இறங்கியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. கம்பளிக் கூடாரம் தெரிந்தது, புகை தெரிந்தது, ஆடுகள் தெரிந்தன. காசிமாலி கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினார்.

கூடார வாசலில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதன் உச்சியில் சிவப்புத் துணி. நேற்றுக் கட்டியது இல்லை அது. மூன்று மாதக் காற்றும் பனியும் அடித்து ஓரமெல்லாம் நாராகி, நிறம் மங்கிக் கிடந்தது.

காசிமாலி குதிரையிலிருந்து இறங்கினார். இறங்கினாரா விழுந்தாரா தெரியவில்லை. துக்க வீட்டுக்கு வருகிற ஆண்கள் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்பது முறை. முறைக்காக அவர் கதறவில்லை. ஐந்து மாதமாகத் தொண்டையில் கிடந்தது தானாகவே பிய்த்துக்கொண்டு வந்தது. "என் ஈரக்குலையே! என் ஈரக்குலையே!" என்று கத்திக்கொண்டே சேற்றில் ஓடினார்.

மெதெர்பெக்கும் அந்தத் துணியைப் பார்த்தான். அவனும் கூடாரத்தில் பிறந்தவன். முதலில் தொப்பியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். அப்புறம் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, நோட்டை எடுத்து எழுதினான். 'கூடாரம் மே தினத்தை முன்னிட்டுச் சிவப்புத் துணியால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. எழுத்தாளர் நேயர்களை நோக்கி உணர்ச்சி மேலிட ஓடினார்.' எழுதி முடித்தபோது தாளில் இரண்டு இடம் நனைந்திருந்தது. பனி உருகிச் சொட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டான்.

புருஷன் ஆடுகளோடு போயிருந்தார். உள்ளே புருல்சா தனியாக, வாசலுக்கு முதுகு காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தம்பியின் கதறலைக் கேட்டதும் ஒப்பாரி தொடங்கினாள். பிள்ளையின் ஏழு பாட்டன்மாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒட்டகக் குட்டியைத் தொலைத்துவிட்டேன், வழியில் பார்த்தீர்களா என்று கேட்டுக் கேட்டுப் பாடினாள். நாற்பதாம் நாளுக்கு முன்னாலேயே பாடத் தொடங்கியதால் குரல் எப்போதோ உடைந்துபோயிருந்தது. பாடி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா இப்பிடி நரைச்சுட்ட?"

"எஜே, உனக்கு... யாரு சொன்னாங்க?"

"நீதான சொன்ன."

"நான் சொல்லலையே. அவங்க மாத்திட்டாங்க எஜே. எல்லாத்தையும் மாத்திட்டாங்க. அவன் பதக்கத்தோட வீட்டுக்கு வந்தான்னு..."

"வந்தான். வாசல்ல நின்னான். கேட்டேன்." புருல்சா அடுப்பில் இரண்டு சுள்ளியைத் தள்ளினாள். "அவன் பேசறான், பேசறான், நூத்திப் பத்து குட்டிங்கறான், கூட்டு முயற்சிங்கறான். உன் மச்சான் சிரிக்கறாரு, பரவால்ல, நம்ம பொத்தோ பெரிய ஆளாயிட்டாங்கறாரு. நான் காத்துக்கிட்டே இருக்கேன். இப்பக் கேப்பான், இப்பக் கேப்பான்னு. பாட்டு போட்டுட்டாங்க." அவள் கையில் சாம்பல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ்வளவு தூரம் போயிட்டு வந்த புள்ள, பசிக்குதுன்னு கேக்கல. உசுரோட இருந்தா எம் புள்ள கேக்காம இருப்பானா? மச்சானக் கூப்பிட்டு, போய்க் கெடாயப் புடிங்க, துக்கச் சாப்பாடு போடணும், நாப்பதுக்கு ரெண்டு நாள்தான் இருக்குன்னேன். கணக்கு எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேக்காத. நீ கதை எழுதாம இருந்த வெள்ளிக்கிழமையெல்லாம் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

காசிமாலி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். ஐம்பது வயசு மனிதர். அவள் சாம்பல் கையோடு அவர் தலையைத் தடவினாள்.

வெளியே மெதெர்பெக்கின் குரல் கேட்டது. "எஜே, நான் ரேடியோக்காரன். உள்ள வரலாமா?"

"வாப்பா. மொதல்ல சாப்பிடு."

அவன் உள்ளே வந்து கருவியைத் தரையில் வைத்தான். மார்பிலிருந்து இறக்கியதும் அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாயின் சிரிப்பைப் பதிவு செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. நாடா சுற்றும் பொத்தானை அழுத்தப் போய், கையை எடுத்துக்கொண்டான். பேட்டரி குளிரில் உறைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

புருல்சா மூவருக்கும் கறியும் தேநீரும் வைத்தாள். நாலாவதாக ஒரு கிண்ணமும் வைத்தாள். அதில் யாரும் கை வைக்கவில்லை.

"சரி, சொல்லு" என்றாள் தம்பியிடம்.

"என்னத்த?"

"நீ எழுதினியே, அந்தக் கதைய. அவங்க படிச்சது வேண்டாம். நீ எழுதினது."

காசிமாலி சொல்லத் தொடங்கினார். கால இயந்திரத்தின் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார். பதினைந்து கோடி வருஷம் பின்னால் பனி உருகிப் பள்ளத்தாக்கு பச்சையாயிற்று. பொத்தோ தெற்கே போனது, தெற்கே என்றே சொன்னார். மெதெர்பெக் பழக்கதோஷத்தில் யாராவது இருமுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இருமவில்லை. அம்மா ஆற்றங்கரைக்கு வந்து நின்ற இடத்தில் காசிமாலி நிறுத்திவிட்டார்.

புருல்சாவே கேட்டாள்.

"அந்த அம்மாவுக்குக் கழுத்து நீளந்தான? ரேடியோல குட்டைன்னாங்களே."

"நீளந்தான் எஜே."

"எவ்வளவு நீளம்?"

காசிமாலி கூடாரத்தின் திறந்த வாசல் வழியே தெற்கே பார்த்தார். மலை வெள்ளையாக நின்றது.

"அந்தப் பக்கம் பாக்கற அளவு" என்றார்.